கலிப்பொலியில் பிறந்ததா ஆஸ்திரேலியா? ஓர் எளிய விளக்கம்

“அவன் சரியான எம்டன்” என்று நம் ஊரில் சொல்வார்கள். யாருக்கும் பிடிகொடுக்காத கில்லாடி என்று பொருள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசி எரித்துவிட்டு மறைந்துபோன ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர்தான் எம்டன். கப்பல் வந்த கதை நமக்குத் தெரியும். அதை முடித்தது யார் என்பது பலருக்குத் தெரியாது. ஏழு வாரம் கழித்து, நவம்பர் 9 அன்று, இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளுக்கு அருகே அதை அடித்து நொறுக்கியது ‘சிட்னி’ என்ற கப்பல். அது ஆஸ்திரேலியக் கடற்படையைச் சேர்ந்தது. அந்தக் கடற்படைக்கு அப்போது மூன்று வயது. ஆஸ்திரேலியா என்ற நாட்டுக்கே பதின்மூன்று வயதுதான்.

சிட்னி அந்தப் பக்கம் போனதற்குக் காரணம் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் அல்பனி துறைமுகத்திலிருந்து நவம்பர் 1 அன்று ஒரு பெரிய கப்பல் கூட்டம் புறப்பட்டிருந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டிலிருந்தும் சுமார் 30,000 வீரர்கள். அவர்களுக்குக் காவலாகப் போன கப்பல்களில் சிட்னியும் ஒன்று. எம்டன் ஒழிந்த பிறகு அந்தக் கூட்டம் கொழும்பில் நின்று, எகிப்துக்குப் போனது. அங்கே இரு நாட்டுப் படைகளையும் ஒன்றாக்கி ‘ஆஸ்திரேலிய நியூசிலாந்து படைத்தொகுதி’ என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வருவது ‘ஆன்சாக்’.

இன்று ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் 25 ஆன்சாக் நாள். விடிவதற்கு முன்பே மக்கள் நினைவுச் சின்னங்களின் முன் கூடுகிறார்கள். “நம் நாடு 1915இல் கலிப்பொலிக் கடற்கரையில்தான் பிறந்தது” என்ற வாக்கியம் அந்த நாளில் ஏதாவது ஒரு வாயிலிருந்து கட்டாயம் வரும். 1901இலேயே உருவாகிவிட்ட நாடு 1915இல், அதுவும் துருக்கி என்ற வேறொருவர் மண்ணில் தோற்றுத் திரும்பிய ஒரு சண்டையில் எப்படிப் பிறக்க முடியும்? அந்த வாக்கியத்தின் பொருள் என்ன, அதில் எவ்வளவு உண்மை, அது யாரை விட்டுவிடுகிறது என்பதைப் பார்ப்போம்.

தனி அடுப்பு வைத்த மகன்

ஆஸ்திரேலியக் கண்டத்தில் இருந்த ஆறு பிரிட்டிஷ் குடியேற்றங்கள் 1901 ஜனவரி 1 அன்று ஒரே நாடாக இணைந்தன. புரட்சி இல்லை, போராட்டம் இல்லை. மாநாடுகள், வாக்கெடுப்புகள், கடைசியில் லண்டன் பாராளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டம். நல்ல முறைதான். ஆனால் சொல்லி அழவோ பாடவோ அதில் கதை எதுவும் இல்லை.

அப்படி உருவான நாட்டின் நிலையைக் குறிக்கும் சொல் ‘டொமினியன்’. இதைப் புரிந்துகொள்ள நம் கூட்டுக் குடும்பம் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். ஒரே வளாகத்துக்குள் தனி அடுப்பு வைத்துக்கொண்ட மகன். சமையலும் வரவு செலவும் பிள்ளைகள் படிப்பும் அவன் பாடு. ஊர் வழக்கு, பங்காளிச் சண்டை, யாரோடு உறவு யாரோடு பகை என்பதெல்லாம் அப்பாவின் முடிவு. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தப் பாராளுமன்றம் இருந்தது, சொந்த வரி இருந்தது, சொந்தப் படை இருந்தது. வெளியுறவுக் கொள்கை மட்டும் லண்டன் கையில். ஆஸ்திரேலியக் குடியுரிமை என்ற ஒன்றே சட்டத்தில் கிடையாது. எல்லோரும் பிரிட்டிஷ் மன்னரின் குடிமக்கள்.

ஆகவே 1914 ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் ஜெர்மனிமீது போர் அறிவித்தபோது ஆஸ்திரேலியாவும் போரில் இருந்தது. அதை யாரும் தனியாகக் கேட்கவும் இல்லை, முடிவு செய்யவும் இல்லை. ஆனால் எவ்வளவு பேரை அனுப்புவது என்பது ஆஸ்திரேலியாவின் உரிமை. அங்கே அப்போது தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு விசுவாசம் காட்டின. தொழிற்கட்சித் தலைவர் ஆண்ட்ரூ பிஷர் “கடைசி மனிதன் வரை, கடைசி ஷில்லிங் வரை” துணை நிற்போம் என்றார். செப்டம்பரில் அவரே பிரதமரானார். சுமார் 50 லட்சம் பேர் வாழ்ந்த நாடு முதல் தவணையாக 20,000 பேரை அனுப்ப முன்வந்தது.

எல்லோரும் தாமாக வந்து சேர்ந்தவர்கள். சிலருக்குத் தாய்நாட்டுப் பாசம்; அவர்கள் ‘தாய்நாடு’ என்று சொன்னது பெரும்பாலும் பிரிட்டனை. படையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பிரிட்டனிலேயே பிறந்தவர். சிலருக்கு உலகம் பார்க்கும் ஆசை. சிலருக்குச் சம்பளம்: நாளுக்கு ஆறு ஷில்லிங், பிரிட்டிஷ் சிப்பாய்க்குக் கிடைத்ததைவிடப் பல மடங்கு. இவர்கள் பிரிட்டனை விட்டுப் பிரிந்து தனி நாடாக நிற்கப் போருக்குப் போகவில்லை. பிரிட்டனின் பிள்ளைகள் என்று நிரூபிக்கப் போனார்கள். இந்த இடத்தை விட்டுவிட்டால் பின்னால் வருவதெல்லாம் தலைகீழாகப் புரியும்.

ஒரு தோல்வி, ஒரு பெருமை

கலிப்பொலி என்பது துருக்கியின் ஒரு தீபகற்பம். அதற்கும் ஆசியக் கரைக்கும் நடுவே டார்டனெல்ஸ் நீரிணை. அதைக் கைப்பற்றினால், ஜெர்மனியின் பக்கம் நின்ற உஸ்மானியப் பேரரசின் (அன்றைய துருக்கி) தலைநகர் இஸ்தான்புல்லை மிரட்டலாம், நேச நாடான ரஷ்யாவுக்குக் கடல்வழி திறக்கலாம் என்பது லண்டனின் கணக்கு. இந்தத் திட்டத்துக்காக மிகவும் வாதாடியவர் அப்போது கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில். 1915 மார்ச் 18 அன்று கப்பல்களால் மட்டும் முடிக்கப் பார்த்தார்கள். கண்ணிவெடிகள் கப்பல்களை மூழ்கடித்தன. பிறகு தரைப்படையை இறக்க முடிவானது.

ஏப்ரல் 25 விடியற்காலையில் ஆன்சாக் வீரர்கள் இறங்கிய இடத்தில் கரையை ஒட்டியே செங்குத்தான மேடுகள். மேலே உஸ்மானியப் படை. அங்கே எதிர்த்தாக்குதலை நடத்தியவர்களில் முக்கியமானவர் முஸ்தபா கெமால், பின்னாளில் நவீனத் துருக்கியை உருவாக்கிய அதே மனிதர். எட்டு மாதம் அந்த மேடுகளில் சண்டை. கோடையில் ஈயும் வயிற்றுப்போக்கும், நவம்பரில் பனிப்புயல். ஆகஸ்ட்டில் லோன் பைன் என்ற இடத்தில் ஆஸ்திரேலியர்கள் பதுங்குகுழிக்குள் கைகலந்து போரிட்டு வென்றார்கள். சுனுக் பைர் முகட்டை நியூசிலாந்துக்காரர்கள் எட்டிப் பிடித்தார்கள், தக்கவைக்க முடியவில்லை. டிசம்பரில் இரவோடு இரவாகப் படையைத் திரும்பக் கப்பலேற்றினார்கள். முழுப் போரிலும் ஒழுங்காக நடந்தது அந்தப் பின்வாங்கல்தான்.

இறந்தவர்கள் ஆஸ்திரேலியர் 8,000 பேருக்கு மேல், நியூசிலாந்தவர் சுமார் 2,700 பேர். பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளின் இழப்பு இதைவிடப் பெரிது. ஏப்ரல் 25 அன்றே ஆன்சாக் கரையில் இந்திய மலைப்பீரங்கிப் படைகளும் இறங்கின; அந்தத் தீபகற்பத்தில் இந்தியர்களும் ஆயிரத்துக்கு மேல் இறந்தார்கள். உஸ்மானியர் தரப்பில் 80,000க்கும் மேல். தங்கள் மண்ணைக் காத்தவர்கள் அவர்கள். துருக்கியிலும் அந்தப் போர் ஒரு தேசப் பிறப்பின் கதையாகவே சொல்லப்படுகிறது, அவர்கள் கொண்டாடும் நாள் மார்ச் 18.

இந்தத் தோல்வி பெருமையானது முதலில் செய்தித்தாள் வழியாக. தரையிறக்கம் பற்றிய முதல் விரிவான செய்தி மே 8 அன்று ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் வந்தது. எழுதியவர் ஆஷ்மீட்-பார்ட்லெட் என்ற ஆங்கிலேய நிருபர். ஆஸ்திரேலியர்களின் வீரத்தை வானளாவப் புகழ்ந்திருந்தார். இங்கே நான் நின்று கவனிப்பது அந்த எழுத்தாளரின் ஊரை. புகழ்ந்தது ஓர் ஆங்கிலேயர் என்பதால்தான் அது அவ்வளவு தித்தித்தது. குற்றவாளிகளைக் கொண்டுபோய் இறக்கிய கண்டம் என்ற பழைய வடு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டிருந்த சமூகம் அது. அப்பாவின் வாயால் “நீ ஆம்பளைடா” என்று கேட்ட மகனின் பூரிப்பை அதில் காண்கிறேன்.

அடுத்து சார்லஸ் பீன். போர்முனையில் இருந்த ஆஸ்திரேலிய நிருபர். பிறகு அதிகாரபூர்வப் போர் வரலாற்றின் ஆசிரியர். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்துக்கு வித்திட்டவர். அவர் எழுத்தில் ஆஸ்திரேலிய வீரனுக்கு ஒரு முகம் கிடைத்தது: புதர்க்காட்டு வாழ்வில் வளர்ந்தவன், பதவியைப் பார்த்து வளையாதவன், அதிகாரிக்குச் சல்யூட் அடிக்கச் சோம்பல்படுபவன், பக்கத்தில் நிற்கும் கூட்டாளிக்காக உயிரையும் கொடுப்பவன். அந்தக் கூட்டாளியை ‘மேட்’ என்பார்கள். நம் ‘மச்சான்’ எவ்வளவு பொதிந்த சொல்லோ அவ்வளவு பொதிந்தது அங்கே ‘மேட்’.

இது பொய்யான சித்திரம் அல்ல. முழுச் சித்திரமும் அல்ல. படையில் பெரும்பகுதியினர் தொழிலாளர்களும் கைவினைஞர்களும். நாட்டுப்புறத் தொழில் செய்தவர்கள் சிறுபான்மைதான். காயம்பட்டவர்களைக் கழுதைமேல் ஏற்றிக் கொண்டுவந்து மூன்றரை வாரத்தில் உயிர்விட்ட சிம்ப்சன் இன்றும் ஆஸ்திரேலியப் பண்பின் உருவமாகப் பள்ளிகளில் சொல்லித்தரப்படுகிறார். அவர் பிறந்தது வடகிழக்கு இங்கிலாந்தில்.

சுட விடமாட்டோம் என்ற ஒரு சொல்

அடையாளம் என்பது பாட்டிலும் கதையிலும் மட்டும் இல்லை, சட்டத்திலும் தெரியும். அதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று இது. ஆன்சாக் பற்றிய பேச்சில் இது இன்னும் அதிகமாக வரவேண்டும் என்று நினைக்கிறேன்.

1902இல், தென்னாப்பிரிக்காவின் டச்சு வம்சாவளியினரோடு பிரிட்டன் நடத்திய போயர் போரின்போது, கைதிகளைக் கொன்ற குற்றத்துக்காக மோரன்ட், ஹேண்ட்காக் என்ற இருவரைப் பிரிட்டிஷ் இராணுவம் சுட்டுக் கொன்றது. இருவரும் ஆஸ்திரேலியாவிலிருந்து போனவர்கள். ஆஸ்திரேலிய அரசுக்குச் செய்தி பின்னால்தான் தெரிந்தது. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட ஆஸ்திரேலியப் பாதுகாப்புச் சட்டம், தங்கள் வீரன் எவனுக்கும் மரண தண்டனை நிறைவேற்றவேண்டுமானால் ஆஸ்திரேலியத் தலைமை ஆளுநரின் ஒப்புதல் வேண்டும் என்றது.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இராணுவம், போர்முனையை விட்டு ஓடியவர்கள் உள்ளிட்ட 300க்கும் மேற்பட்ட தன் படையினரைச் சுட்டது. நியூசிலாந்து ஐவரை இழந்தது. கனடா 25 பேரை. ஆஸ்திரேலியர்களில் 121 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, ஒன்றுகூட நிறைவேறவில்லை. ஒழுங்கு கெடுகிறது, சட்டத்தை மாற்றுங்கள் என்று பிரிட்டிஷ் தளபதிகள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஆஸ்திரேலிய அரசு இணங்கவில்லை. பேரரசுக்காகச் சாக ஆள் அனுப்புவோம், பேரரசு எங்கள் ஆளைச் சுட விடமாட்டோம். விசுவாசமும் தன்மானமும் ஒரே கையில் இருந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

வேண்டாம் என்று வாக்களித்த மக்கள்

கலிப்பொலிக்குப் பிறகு படை பிரான்சுக்குப் போனது. உண்மையான பேரழிவு அங்கேதான். 1916 ஜூலை 19 அன்று பிரோமெல் என்ற ஊரில் ஒரே இரவில் 5,533 ஆஸ்திரேலியர்கள் இறந்தோ காயப்பட்டோ பிடிபட்டோ போனார்கள். அடுத்து பொசியேரில் ஏழு வாரத்துக்குள் சுமார் 23,000 பேர். இந்த வேகத்தில் தாமாக வந்து சேர்பவர்களை மட்டும் நம்பிப் படை நடத்த முடியாது.

பிஷருக்குப் பின் பிரதமரான பில்லி ஹியூஸ், கட்டாயமாக ஆள் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்ப மக்களிடம் அனுமதி கேட்டார். 1916 அக்டோபர் 28 வாக்கெடுப்பில் சுமார் 72,000 வாக்கு வித்தியாசத்தில் ‘வேண்டாம்’ வென்றது. 1917 டிசம்பரில் மறுபடி கேட்டார். வித்தியாசம் இரட்டிப்புக்கு மேல் கூடியது. இடையில் தொழிற்கட்சி உடைந்தது, ஹியூஸ் வெளியேறி எதிரணியோடு சேர்ந்து ஆட்சியைத் தொடர்ந்தார். தொழிற்சங்கங்கள் ஒரு பக்கம். அயர்லாந்தின் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியைப் பிரிட்டன் ஒடுக்கியதைப் பார்த்துக் கொதித்த ஐரிஷ் கத்தோலிக்கர் பலர் அதே பக்கம். மெல்போர்ன் பேராயர் மேனிக்ஸ் அவர்களின் குரல். ‘போர் நாட்டை ஒன்றாக்கியது’ என்று கேள்விப்படும்போது இந்த ஆண்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் சண்டை, தெருவில் சண்டை, மாதா கோயிலில் சண்டை. அந்தப் பிளவு ஒரு தலைமுறைக்கு ஆறவில்லை.

எனினும் கட்டாயம் இல்லாமலே 4,16,809 பேர் படையில் சேர்ந்தார்கள். 60,000க்கும் மேல் திரும்பவில்லை.

இரத்தத்துக்கு என்ன விலை?

1919இல் பாரிஸ் சமாதான மாநாடு. டொமினியன்களுக்குத் தனி இருக்கை வேண்டும் என்று அவற்றின் பிரதமர்கள் பிடிவாதம் பிடித்தார்கள், கிடைத்தது. அமெரிக்க அதிபர் வில்சன் ஹியூஸின் தகுதியைக் கேட்டபோது, “அறுபதாயிரம் இறந்தவர்களுக்காகப் பேசுகிறேன்” என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். ஆஸ்திரேலியா வெர்சாய் உடன்படிக்கையில் தன் கையெழுத்தை இட்டது, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் உறுப்பினரானது, ஜெர்மனியிடமிருந்த நியூ கினியைத் தன் பொறுப்பில் பெற்றது. நேற்றுவரை குடியேற்றமாக இருந்த நாடு இன்னொரு மக்களுக்கு எஜமானானது.

அதே மாநாட்டில் இனச் சமத்துவத்தை ஒப்புக்கொள்ளும் ஒரு வாசகத்தைச் சேர்க்க ஜப்பான் கேட்டது. அதை மிகக் கடுமையாக எதிர்த்தவர் ஹியூஸ். வெள்ளையர் அல்லாதவர்களை உள்ளே விடாத குடியேற்றச் சட்டத்தை ஆஸ்திரேலியா 1901இலேயே நிறைவேற்றியிருந்தது. புதிதாகப் பெற்ற குரலை அந்த நாடு முதலில் பயன்படுத்திய இடங்களில் ஒன்று இது என்பது வேதனையான உண்மை.

இதே இடத்தில் இந்தியாவையும் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் போரில் கடல் கடந்து போன இந்தியர்கள் 10 லட்சத்துக்கு மேல். இந்தியாவின் பெயராலும் வெர்சாயில் கையெழுத்து விழுந்தது. ஆனால் உள்நாட்டில் அந்த ஆண்டு கிடைத்தது ரௌலட் சட்டமும், ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கும். போர்ச் சேவை ஒரு குடியேற்றத்தை நாடாக்கும் என்ற விதி எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. மகன் என்று ஏற்கப்பட்டவன் சிந்திய இரத்தம் உரிமையானது. வேலைக்காரன் என்று கருதப்பட்டவன் சிந்தியது அவன் கடமையாகக் கொள்ளப்பட்டது.

ஆஸ்திரேலியாவுக்குள்ளேயும் இதே கோடு ஓடியது. ஐரோப்பிய வம்சாவளி அல்லாதவர்களைப் படையில் சேர்க்க விதி இடம்தரவில்லை. இருந்தும் சுமார் ஆயிரம் பழங்குடியினர், தங்கள் பிறப்பை மறைத்தோ, கண்டும் காணாமல் விட்ட அதிகாரியிடம் போயோ சேர்ந்தார்கள். 1917இல் ஆள் தட்டுப்பாடு வந்ததும் விதி கொஞ்சம் தளர்ந்தது. பதுங்குகுழியில் ஒரே சம்பளம், ஒரே சாப்பாடு, ‘மேட்’ என்ற அழைப்பு. திரும்பி வந்தபின், போர் வீரர்களுக்கு அரசு பகிர்ந்தளித்த நிலம் அவர்களில் மிகச் சிலருக்குத் தவிர யாருக்கும் கிடைக்கவில்லை. பழங்குடியினர் எல்லோருக்கும் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை வந்தது 1962இல். அவர்களுடைய முன்னோர் தங்கள் சொந்த மண்ணில் குடியேறிகளை எதிர்த்து நடத்திய போர்களைத் தேசியப் போர் நினைவகம் எப்படி நினைவுகூர வேண்டும் என்ற விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. கலிப்பொலியில் பிறந்தது நாடு என்றால், அதற்கு முன் அங்கே பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்தவர்கள் எந்தக் கணக்கில் வருகிறார்கள்?

கயிறு எப்போது தளர்ந்தது?

முதல் போர் முடிந்ததும் ஆஸ்திரேலியா பிரிட்டனை விட்டு விலகியது என்று நினைத்தால் தவறு. நெருக்கம் கூடத்தான் செய்தது. டொமினியன்களின் முழுச் சட்டச் சுதந்திரத்தை ஒப்புக்கொண்ட வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் 1931இல் வந்தது. ஆஸ்திரேலியா அதை ஏற்றுக்கொள்ளப் பதினோரு ஆண்டு எடுத்துக்கொண்டது. 1939 செப்டம்பர் 3 அன்று பிரதமர் மென்சீஸ் வானொலியில், பிரிட்டன் போர் அறிவித்திருக்கிறது, அதன் விளைவாக ஆஸ்திரேலியாவும் போரில் இருக்கிறது என்றுதான் அறிவித்தார். அதே தனி அடுப்பு, அதே அப்பா.

உடைந்தது சிங்கப்பூரில். பிரிட்டனின் கோட்டை விழாது என்ற நம்பிக்கையில் ஆஸ்திரேலியாவின் பாதுகாப்பே கட்டப்பட்டிருந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று அது விழுந்தது. சுமார் 15,000 ஆஸ்திரேலியர்கள் சிறைப்பட்டார்கள். நான்கு நாளில் டார்வின் நகரத்தின்மேல் ஜப்பானியக் குண்டுகள். அந்தக் கைதிகளில் பல ஆயிரம் பேரை ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் மடிந்ததும் அதே பாதையில்தான். அவர்கள் பெயரை எழுதிவைத்த கல் அநேகமாக எங்கும் இல்லை.

சிங்கப்பூர் விழுவதற்கு முன்பே, 1941 டிசம்பர் 27 அன்று, பிரதமர் ஜான் கர்ட்டின் எழுதிவிட்டார்: பிரிட்டனோடு உள்ள பழைய உறவை நினைத்து மனம் குமையாமல் ஆஸ்திரேலியா அமெரிக்காவை நோக்குகிறது என்று. சில வாரங்களில், மத்திய கிழக்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் படையைப் பர்மாவுக்குத் திருப்பச் சர்ச்சில் கேட்டார். கர்ட்டின் மறுத்தார், படை ஊர் திரும்பியது. அந்த ஆண்டே வெஸ்ட்மின்ஸ்டர் சட்டமும் ஏற்கப்பட்டது. ‘ஆஸ்திரேலியக் குடிமகன்’ என்பது சட்டச் சொல்லானது 1949 ஜனவரி 26 அன்று. பிரிட்டனோடு இருந்த கடைசிச் சட்ட முடிச்சுகள் அவிழ 1986 ஆனது. மன்னர் மட்டும் இன்னும் இருக்கிறார். அவரை நீக்கக் கேட்ட 1999 வாக்கெடுப்பு தோற்றது.

ஒரு விஷயம் பாக்கி. முதல் போரில் இறந்த எவருடைய உடலும் கப்பலேறி வீடு வரவில்லை, தளபதி பிரிட்ஜஸ் ஒருவரைத் தவிர. அம்மாக்களுக்குக் கல்லறை இல்லை. அதனால்தான் ஆஸ்திரேலியாவின் சின்னஞ்சிறு ஊர்களில்கூட நம் நடுகல்லைப் போலப் பெயர் பொறித்த கல் ஒன்று நிற்கிறது. பல இடங்களில் உயிரோடு திரும்பியவர்களின் பெயரும் உண்டு, தாமாகப் போனவர்கள் என்பதால். பெயர் தெரியாமல் இறந்தவர்களுக்காக லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் 1920இல் ஒரு வீரனைப் புதைத்தார்கள். பேரரசு முழுமைக்கும் அந்த ஒருவனே போதும் என்பது அன்றைய எண்ணம். ஆஸ்திரேலியாவும் எழுபத்து மூன்று ஆண்டு அப்படியே இருந்தது.

1993இல் பிரான்சின் வில்லேர்-பிரெத்தொன்னோ அருகே ஒரு கல்லறையிலிருந்து பெயர் தெரியாத ஆஸ்திரேலியன் ஒருவனை எடுத்துவந்து, நவம்பர் 11 அன்று கான்பெரா நினைவகத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தப் போரில் சண்டையிட்ட முதியவர் ஒருவர், பொசியேரிலிருந்து கொண்டுவந்த மண்ணைக் குழிக்குள் தூவினார். தூவிவிட்டு அவர் சொன்னது: “இப்ப வீட்டுக்கு வந்துட்ட, மேட்.”